ஒரு வினை, இரு திசை: ஜெர்மன் மொழியினர் ஆங்கில வினைகளைக் கற்பதில் எழும் மயக்கங்கள் – ஓர் உறழ்நிலை ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஆங்கிலம் கற்கையில் பொருளால் நெருங்கிய வினைகளை ஒன்றற்கு மற்றொன்றாக மயங்கி வழங்குவது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. இம்மயக்கங்கள் பெரும்பாலும் சொல்வளக் குறைவாகவோ ‘போலி நண்பர்கள்’ எனப்படும் சொற்களின் விளைவாகவோ விளக்கப்படுகின்றன. ஜெர்மன் மொழி வேற்றுமையாலும் தற்சுட்டுப் பெயராலும் உணர்த்தும் வினைத்திசையை ஆங்கிலம் தனித்தனி வினையடிகளால் உணர்த்துவதே இவற்றுள் குறிப்பிடத்தக்க ஒரு பகுதிக்குக் காரணம் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அவ்விளக்கம் செல்லாத இடங்களையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: உறழ்நிலை ஆய்வு, வினைத்திசை, தற்சுட்டுப் பெயர், நான்காம் வேற்றுமை, தன்வினை, பிறவினை, தாய்மொழித் தாக்கம்

முன்னுரை

ஆங்கிலமும் ஜெர்மனும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் மேற்கு ஜெர்மானியப் பிரிவைச் சேர்ந்த உறவுமொழிகள். அடிப்படை வினைகளுள் பல இரண்டிலும் ஒரே மூலத்தினின்று கிளைத்தவை. ஆங்கிலத்தில் ‘பிரிங்’ என்பது ஜெர்மனில் ‘பிரிங்கென்’. ‘மேக்’ என்பது ‘மாஹென்’. ‘லெட்’ என்பது ‘லாஸென்’. இவ்வுறவு கற்போருக்கு ஊன்றுகோலாக அமையும் என்பதே இயல்பான எதிர்பார்ப்பு. சொற்களை அடையாளம் காணும் நிலையில் அவ்வாறே அமைகிறது. கற்போர் தாமே பேசவும் எழுதவும் முற்படுகையில்தான் சிக்கல் தோன்றுகிறது.

இராபர்ட் லாடோ 1957-இல் வெளியிட்ட நூலில், தாய்மொழியோடு ஒத்த கூறுகள் கற்பவருக்கு எளியனவாகவும் வேறுபட்ட கூறுகள் அரியனவாகவும் இருக்கும் என்றார். உறழ்நிலை ஆய்வின் தொடக்கக் காலக் கொள்கை இதுவே. இக்கருத்து அப்படியே செல்லாது என்பதற்கு ஜெர்மன்–ஆங்கில வினைகள் நல்ல சான்று. ஜெர்மன் மொழியில் ஒருவரை அல்லது ஓரிடத்தைப் பழகி அறிதல் ‘கெனென்’. ஒரு செய்தியை அறிதல் ‘விஸென்’. ஆங்கிலத்தில் இரண்டும் ‘நோ’ என்னும் ஒரே வினை. மொழிகள் இங்கு வேறுபடுகின்றன. ஆயினும் ஆங்கிலம் கற்கும் ஜெர்மானியர் இதில் இடர்ப்படுவதில்லை. இரண்டையும் ஒன்றில் அடக்கிவிட்டால் போதும். இடர்ப்படுவோர் ஜெர்மன் கற்கும் ஆங்கிலேயர்.

வேறுபாடு ஒன்றே, துன்பம் ஒரு திசையில் மட்டும். ஆங்கிலத்தையும் ஸ்பானிய மொழியையும் ஒப்பிட்ட ஸ்டாக்வெல், போவன், மார்ட்டின் ஆகிய மூவரும் 1965-இல் அரிய நிலைகளைப் படிவரிசைப்படுத்தியபோது, தாய்மொழியில் ஒன்றாக உள்ளது கற்கும் மொழியில் இரண்டாகப் பிளவுபடும் நிலையை மிகக் கடினமானவற்றுள் ஒன்றாகக் கொண்டனர். இக்கட்டுரை அப்பிளவையே பின்தொடர்கிறது. அயன்மொழிச் சொற்கள் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்படுகின்றன. ஜெர்மன் ஒலிகள் சிலவற்றைத் தமிழ் வரிவடிவில் முழுமையாகக் காட்ட இயலாமையின் அவை அணுக்க வடிவங்களாகவே கொள்ளத்தக்கன.

கொடுப்போரும் கொள்வோரும்

ஜெர்மன் மாணவர் ஒருவர் அருகில் இருப்பவரிடம் எழுதுகோல் கேட்கும்போது, ‘எனக்கு உன் எழுதுகோலைத் தருவாயா’ என்ற பொருளில் ‘லெண்ட்’ என்னும் வினை வரவேண்டிய இடத்தில் ‘பாரோ’ என்பதை வழங்குவது ஆங்கில ஆசிரியர் அனைவரும் கேட்டுப் பழகிய பிழை. ‘லெண்ட்’ இரவல் கொடுத்தல். ‘பாரோ’ இரவல் வாங்குதல். இரண்டற்கும் ஜெர்மனில் ‘லையென்’ என்ற ஒரே வினை உண்டு. ஆங்கிலப் ‘பாரோ’வின் இனச்சொல்லாகிய ‘போர்கென்’ என்பதும் இவ்வாறே இருபுறமும் செல்வது.

இதனைக் கொண்டு, ஜெர்மன் மொழியில் கொடுத்தலும் வாங்கலும் வேறுபடுத்தப்படுவதில்லை என்று முடிவு செய்தல் பிழை. கீழ்வரும் இரு தொடர்கள் அதனைக் காட்டும்.

‘இஹ் லையெ டிர் டாஸ் பூஹ்’ – நான் உனக்கு அந்நூலை இரவல் தருகிறேன்.

‘இஹ் லையெ மிர் டாஸ் பூஹ்’ – நான் அந்நூலை இரவல் வாங்குகிறேன்.

எழுவாய் ஒன்று, வினை ஒன்று, செயப்படுபொருள் ஒன்று. மாறியது நான்காம் வேற்றுமைப் பெயர் மட்டுமே. முதல் தொடரில் ‘டிர்’ (உனக்கு) வந்தது. இரண்டாவதில் ‘மிர்’ (எனக்கு) வந்தது. நூல் யாரிடம் சேர்கிறது என்பதை நான்காம் வேற்றுமை காட்டிவிடுகிறது. சேருமிடம் எழுவாயே ஆயின் அது வாங்குதல், பிறராயின் கொடுத்தல். ஆகவே பொருள் வேறுபாடு ஜெர்மன் மொழியில் இருக்கவே செய்கிறது. அதன் இருப்பிடம்தான் வேறு. ஜெர்மன் அதனைப் பெயரின் வேற்றுமையில் வைத்துள்ளது. ஆங்கிலம் வினையடியில் வைத்துள்ளது.

மாணவரின் பிழை இப்போது வேறு முகம் கொள்கிறது. அவர் ‘எனக்கு’ என்னும் பெயரைச் சரியாகவே அமைத்துவிட்டார். தம் மொழியில் அப்பெயரே திசையைக் காட்டிவிடும் ஆதலால், வினையைத் தெரிவதில் கவனம் செலுத்த வேண்டிய தேவை அவருக்குத் தோன்றவில்லை. அவருடைய மொழியறிவு ஒழுங்காக இயங்கியதன் விளைவே இப்பிழை.

‘நினைவுகூர்தல்’, ‘நினைவூட்டல்’ ஆகிய இரண்டும் இதே அமைப்பின. ஆங்கிலத்தில் முன்னது ‘ரிமெம்பர்’, பின்னது ‘ரிமைண்ட்’. ஜெர்மனில் இரண்டும் ‘எரின்னெர்ன்’. ‘இஹ் எரின்னெரெ டிஹ்’ என்றால் நான் உனக்கு நினைவூட்டுகிறேன் என்பது பொருள். ‘இஹ் எரின்னெரெ மிஹ்’ என்பது சொல்லுக்குச் சொல் ‘நான் என்னை நினைவூட்டுகிறேன்’ என நின்று, ‘நான் நினைவுகூர்கிறேன்’ என்னும் பொருளைத் தரும். இங்கு வருவது இரண்டாம் வேற்றுமை. எனினும் வழி அதுவே. வினை எழுவாயின்மேல் மீளும்போது ஒரு பொருள். பிறர்மேல் செல்லும்போது மற்றொன்று. ‘நாளைக்கு எனக்கு நினைவூட்டு’ எனச் சொல்ல எண்ணியவர் ‘ரிமெம்பர் மீ’ என்று கூறிவிட்டால், கேட்கும் ஆங்கிலேயர் காதில் அது ‘என்னை மறவாதிரு’ என்னும் பிரியாவிடைக் குரலாக ஒலிக்கும்.

தமிழ் ஆய்வாளருக்கு இவ்வமைப்பு அயலானதன்று. தமிழில் ‘கொள்’ என்னும் துணைவினை, செயலின் பயன் எழுவாயையே சேர்வதைக் காட்டும். ‘எழுதினான்’, ‘எழுதிக்கொண்டான்’ ஆகியவற்றிடையே உள்ள வேறுபாட்டில் இத்திசை தெளிவாகத் தெரியும். ஜெர்மன் தற்சுட்டுப் பெயர் செய்யும் பணியின் ஒரு பகுதியைத் தமிழில் இத்துணைவினை செய்கிறது எனலாம். இரண்டும் ஒன்றே எனக் கூறலாகாது. ஜெர்மனில் அது வினை வேண்டும் பெயர். தமிழில் வினையைத் தொடரும் வினை. ஆனால் ‘யாருக்காக’ என்பதை வினையடியை மாற்றாமலே உணர்த்தும் நெறி இரண்டிற்கும் பொது.

‘லாஸென்’ – விடுதல்

ஜெர்மன் வினைகளுள் ஆங்கிலத்தில் மிகப் பலவாகப் பிரிவது ‘லாஸென்’. குழந்தையை விளையாட அனுமதித்தல் ‘லாஸென்’, ஆங்கிலத்தில் ‘லெட்’. குடையைத் தொடர்வண்டியில் மறந்துவிட்டு வருதல் ‘லாஸென்’, ஆங்கிலத்தில் ‘லீவ்’. முடிதிருத்துநரைக் கொண்டு முடி வெட்டச் செய்தல் ‘லாஸென்’; ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ அல்லது ‘கெட்’ என்பவற்றோடு இறந்தகாலப் பெயரெச்ச வடிவத்தைச் சேர்த்துக் கூறவேண்டும். ‘லாஸ் டாஸ்’ என்றால் ‘அதை நிறுத்து’.

கற்போர் இனச்சொல்லாகிய ‘லெட்’ என்பதையே எங்கும் நாடுகின்றனர். குடையை ‘லெட்’ செய்தேன், முடியை ‘லெட்’ செய்து வெட்டினேன் என்னும் போக்கில் அவர்தம் தொடர்கள் அமைகின்றன. இதனினின்று தப்ப முயல்வோர் மற்றொரு பிழையில் விழுவர்: ‘நான் என் முடியை வெட்டினேன்’ என ஆங்கிலத்தில் நேராகக் கூறிவிடுவர். கேட்பவர் கத்தரிக்கோலை அவர் கையில் காண்பார்.

தமிழின் ‘விடு’ என்னும் வினை ‘லாஸென்’ நடக்கும் வழியில் வெகுதொலைவு உடன் நடக்கிறது. ‘விளையாட விடு’ என்பது அனுமதி. ‘குடையை விட்டுவிட்டு வந்தேன்’ என்பது நீங்கி வருதல். ‘அதை விடு’ என்பது நிறுத்தல். முடிவெட்டலில்தான் தமிழ் பிரிந்து ‘வெட்டிக்கொண்டேன்’ என்கிறது. அவ்விடத்தில் ஜெர்மனும் ‘லாஸென்’ என்பதோடு ‘மிர்’ என்னும் தற்சுட்டு வடிவத்தைச் சேர்த்தே கூறுகிறது என்பது நோக்கத்தக்கது. ‘விடு’வையும் ‘கொள்’ளையும் அறிந்த தமிழ் ஆய்வாளர், ‘லாஸென்’ என்பதன் பொருட்பரப்பை ஆங்கில ஆய்வாளரைவிட எளிதில் பற்றிக்கொள்ள இயலும்.

எரிக் கெல்லர்மன் 1970-களில் டச்சு மாணவரிடையே ‘உடைதல்’ குறிக்கும் ‘பிரேகென்’ என்னும் வினையை வைத்துச் செய்த ஆய்வு இங்குப் பயன்படும். கற்போர் தாய்மொழி வினையின் எல்லாப் பொருள்களையும் ஒரே துணிவோடு அயன்மொழிக்குக் கொண்டு செல்வதில்லை. மையப்பொருள் எனத் தாம் கருதுவதைத் தயங்காது கொண்டு செல்வர், விளிம்புப் பொருளைக் கொண்டு செல்லத் தயங்குவர் என்பது அவர் கண்டது. ‘லாஸென்’ என்பதற்கு அனுமதித்தலும் நீங்கி வருதலும் ஒருங்கே மையத்தில் உள்ளன என்று கொண்டால், குடைப்பிழை பெருகுவதற்குக் காரணம் புலப்படும். அக்கருத்தை ஜெர்மன் மாணவரிடமே சோதித்தறிதல் வேண்டும்.

கொண்டுவருதலும் கொண்டுபோதலும்

‘நான் உன்னைத் தொடர்வண்டி நிலையத்திற்குக் கொண்டுபோய் விடுகிறேன்’ எனும்போது ஜெர்மானியர் ‘பிரிங்கென்’ என்பர். ஆங்கிலத்தில் இங்கு வேண்டுவது ‘டேக்’. பேசுவோர், கேட்போர் ஆகியோர் இருக்கும் இடம் நோக்கிய இயக்கத்திற்கே ‘பிரிங்’ உரியது. அவர்களை விட்டு நீங்கும் இயக்கத்திற்கு ‘டேக்’. ஆங்கிலத்தின் சில வட்டார வழக்குகளில் இவ்வரம்பு நெகிழ்ந்துள்ளதாயினும் பாடநூல் ஆங்கிலம் இதனைப் பேணுகிறது. ஜெர்மன் ‘பிரிங்கென்’ சேருமிடத்தில் சேர்ப்பித்தலை மட்டுமே கருதும். பேசுவோர் எங்கு நிற்கிறார் என்பது அதற்குப் பொருட்டன்று. திசை வேண்டின் ‘ஹேர்’ (இங்கு), ‘ஹின்’ (அங்கு) ஆகிய முன்னொட்டுகள் வந்து உதவும்.

தொல்காப்பியம் இவ்விடத்தில் நினைவுக்கு வருவது தற்செயலன்று. கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை ஆகிய நான்கும் மூவிடத்தோடு இயைத்துப் பேசப்படுகின்றன. தருசொல்லும் வருசொல்லும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன. எஞ்சிய இரண்டும் படர்க்கைக்கு உரியன என்பது அங்குக் கூறப்படும் வரையறை. ஆங்கிலப் ‘பிரிங்’, ‘டேக்’ ஆகியவற்றின் வேறுபாடு இவ்வரையறையோடு பெரிதும் ஒத்துச் செல்கிறது. பேசுவோரையும் கேட்போரையும் ஒருபுறமும் மற்றவரை மறுபுறமுமாக நிறுத்தி வினையைத் தெரிதல் என்னும் கருத்து, மேலை மொழியியல் சுட்டுக் கோட்பாடு என ஒன்றை வகுப்பதற்கு நெடுங்காலம் முன்பே தமிழில் இலக்கண விதியாகியிருந்தது. ஜெர்மன் மாணவருக்கு இவ்வேறுபாட்டை விளக்க முற்படும் ஆங்கிலப் பாடநூல்கள் ‘இங்கே’, ‘அங்கே’ என்னும் இரு சொற்களோடு நின்றுவிடுகின்றன. அதனால் ‘உன் வீட்டிற்கு நான் பழம் கொண்டுவருகிறேன்’ என்பதில் ஏன் ‘பிரிங்’ வருகிறது என்னும் வினாவிற்கு அவற்றில் விடை கிடைப்பதில்லை. முன்னிலையும் தன்மையோடு சேர்ந்து எண்ணப்படும் என்ற தொல்காப்பிய நோக்கில் விடை எளிது.

உறவு துணைசெய்யும் இடம்

நெருங்கிய வினைகள் எல்லாம் மயக்கம் தரும் என்று கருதுதல் மிகை. ஆங்கிலத்தில் ‘லை’ (கிட), ‘லே’ (கிடத்து). ‘சிட்’ (அமர்), ‘செட்’ (அமர்த்து). ‘ஃபால்’ (விழு), ‘ஃபெல்’ (வீழ்த்து) ஆகிய இணைகள் பழைய ஜெர்மானியப் பிறவினை ஆக்கத்தின் எச்சங்கள். கோதிக் மொழியில் ‘லிகன்’, ‘லக்யன்’ என இவை தெளிவாகக் காணப்படுகின்றன. ஜெர்மன் இவற்றை ‘லீகென்’, ‘லேகென்’; ‘ஸிட்ஸென்’, ‘ஸெட்ஸென்’; ‘ஃபாலென்’, ‘ஃபெலென்’ எனக் குலையாது காத்துள்ளது. ஆதலின் தன்வினை, பிறவினை என்னும் வேறுபாட்டை ஜெர்மன் மாணவருக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. ‘லை’ என்பதன் இறந்தகாலம் ‘லே’ எனப் பிறவினையின் நிகழ்கால வடிவத்தோடு ஒன்றிவிடுவதே அவருக்குள்ள ஒரே இடர். அவ்விடத்தில் ஆங்கிலேயரே தடுமாறுகின்றனர். தாய்மொழியினர் மயங்கும் இடத்தில் அயன்மொழியினர் தெளிவோடு நிற்பது மொழிகற்றலில் அரிதாகக் கிட்டும் காட்சி.

வடிவம் ஏய்க்கும் இடம்

‘பெகொமென்’ என்பது பெறுதல்; ஆங்கிலப் ‘பிகம்’ ஆதல். உணவகத்தில் தமக்கு இறைச்சி எப்போது வரும் எனக் கேட்க எண்ணி, தாம் எப்போது இறைச்சி ஆவேன் என்று கேட்ட ஜெர்மானியரின் கதை வகுப்பறைகளில் பல்லாண்டு காலமாகச் சொல்லப்படுவது. நகைப்புக்குரியதாயினும் இது தீங்கற்றது. தொடரின் பொருளின்மையே பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தீங்குள்ளவை வேறு. ஆங்கில ‘ஓவர்ஹியர்’ என்பது பிறர் பேச்சு தற்செயலாகக் காதில் விழுதல். அதே உறுப்புகளால் ஆகிய ஜெர்மன் ‘யூபர்ஹோரென்’ காதில் விழாது போதல். ‘ஓவர்சீ’ மேற்பார்த்தல், ‘யூபர்ஸேயென்’ பார்க்கத் தவறுதல். பணியிடத்தில் ஒருவர் ‘அவ்வறிவுறுத்தலை நான் கேட்கத் தவறிவிட்டேன்’ என்று ஒப்புக்கொள்ள எண்ணி ‘ஓவர்ஹியர்’ என்னும் வினையை ஆண்டால், ஒட்டுக்கேட்டதாக அவரே வாக்குமூலம் தந்தது போலாகும். ‘மஸ்ட் நாட்’ என்பதும் இவ்வகையினது. ஜெர்மனில் ‘மியூஸென்’ எதிர்மறையோடு வரின் ‘செய்ய வேண்டியதில்லை’ என்று பொருள். ஆங்கிலத்தில் ‘செய்யக் கூடாது’. கட்டணம் செலுத்த வேண்டியதில்லை எனக் கூற எண்ணியவர், செலுத்துதலையே தடை செய்துவிடுவார். இத்தொடர்கள் இலக்கணத்திலும் பொருளிலும் குறையற்றவை. ஆகவே கேட்போர் ஐயுறமாட்டார். திருத்தப்படாமலே நிலைத்துவிடும் பிழைகள் இவைதாம். பாடநூல்கள் ‘பெகொமென்’ கதைக்குத் தரும் இடத்தில் ஒரு பகுதியையேனும் இவற்றிற்குத் தருதல் தகும்.

விளக்கம் நில்லாத இடம்: ‘மாஹென்’

வினைத்திசைக் கருத்தால் விளக்க இயலாதவையும் உள. ‘மாஹென்’ என்னும் ஜெர்மன் வினை வீட்டுப்பாடம், படம், தேர்வு, இடைவேளை, தவறு அனைத்தோடும் இயையும். ஆங்கிலத்தில் வீட்டுப்பாடத்திற்கு ‘டூ’; ஒளிப்படத்திற்கும் தேர்விற்கும் ‘டேக்’; தவறுக்கு மட்டும் ‘மேக்’. ஆக்கத்திற்கு ‘மேக்’, செயலுக்கு ‘டூ’ என வகுப்பறையில் கூறப்படும் விதி, படுக்கையை ஒழுங்குசெய்தல் ‘மேக்’ எனவும் சேதம் விளைத்தல் ‘டூ’ எனவும் வரும் இடங்களில் உடைகிறது. ஜெர்மன் தொடரில் இப்பிளவை முன்னறிவிக்கும் வேற்றுமையோ தற்சுட்டுப் பெயரோ இல்லை. தமிழில் படம் ‘எடுப்பதும்’ தேர்வு ‘எழுதுவதும்’ போல, எப்பெயரோடு எவ்வினை வரும் என்பது வழக்கினால் அமைவது.

நாட்யா நெசல்ஹவுஃப் ஜெர்மன் மொழியினரான உயர்நிலை மாணவரின் ஆங்கிலக் கட்டுரைகளை ஆராய்ந்து 2003-இலும், விரிவான நூலாக 2005-இலும் வெளியிட்ட முடிவுகள் இங்குக் கருதத்தக்கன. பெயரும் வினையும் சேர்ந்து வழங்கும் தொடர்களில், அச்சேர்க்கை எவ்வளவு கட்டுப்பட்டது என்பது பிழைக்குச் சிறிதளவே காரணமாகிறது. தாய்மொழியின் தாக்கமோ முன்னைய சிற்றாய்வுகள் கருதியதைவிட மிகப் பெரிது என்று அவர் காட்டினார். ஆண்டுகள் பல ஆங்கிலம் கற்றோரிடத்தும் ‘மாஹென்’ நிழல் நீங்கவில்லை என்பதே இதன் பொருள்.

கற்பித்தலில் இரு வழி

மேற்கண்டவாறு பிழைகளின் பிறப்பிடம் வேறுபடுதலின் அவற்றை ஒரே பட்டியலில் இட்டுக் கற்பித்தல் பொருந்தாது. ‘லையென்’ என்பதற்கு நேராக ‘லெண்ட், பாரோ’ என்று காற்புள்ளி இட்டு எழுதும் சொற்பட்டியல், மாணவரிடம் ஏற்கெனவே உள்ள அறிவைப் பயன்கொள்ளாது விடுகிறது. அவ்விடத்தில் ‘மிர்’ வரும் தொடரையும் ‘டிர்’ வரும் தொடரையும் எதிரெதிரே வைத்து, முன்னதற்குப் ‘பாரோ’, பின்னதற்கு ‘லெண்ட்’ எனக் காட்டினால் போதும். மாணவர் தம் மொழியின் வேற்றுமையையே வினையாகப் பெயர்க்கக் கற்பார். ‘எரின்னெர்ன்’ என்பதற்கும் முடிவெட்டும் ‘லாஸென்’ என்பதற்கும் இம்முறை செல்லும். ‘பிரிங்கென்’ என்பதற்கு மூவிடம் பற்றிய பயிற்சி வேண்டும். ‘மாஹென்’ என்பதற்கு விதி கூறாது, பெயரையும் வினையையும் பிரிக்காமல் ஒரே சொல்லாக மனங்கொள்ளச் செய்தலே வழி.

மதிப்பீட்டிலும் இவ்வேறுபாடு இடம்பெறுதல் வேண்டும். எஸ்.பி. கார்டர் 1967-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் கற்போரின் பிழை அவர்தம் உள்ளமைப்பைக் காட்டும் சான்றாகக் கொள்ளப்பட்டு வருகிறது. எனினும் விடைத்தாள்களில் ‘பாரோ’ப் பிழையும் ‘மாஹென்’ பிழையும் ‘சொல் தவறு’ என்னும் ஒரே குறியைப் பெறுவது இயல்பாகவே உள்ளது. முன்னதன் அருகே ‘நூல் யாரிடம் சேர்கிறது?’ என்ற ஒரு வினாவை எழுதினால் மாணவரே அதனைத் திருத்திக்கொள்வார். பின்னதற்கு அத்தகைய வினா எதுவும் இல்லை, சரியான தொடரை எழுதிக் காட்டத்தான் வேண்டும்.